தேர்வு பிள்ளைக்கா, குடும்பத்துக்கா?

மாசி பிறந்துவிட்டால் கள்ளக்குறிச்சிச் சீமையில் இரண்டு அறுவடைகள் ஒன்றாக வந்து நிற்கின்றன. ஒன்று கழனியில், மற்றொன்று பள்ளிக்கூடத்தில். மூங்கில்துறைப்பட்டு, கச்சிராயபாளையம் கூட்டுறவு ஆலைகளுக்குக் கரும்பு வண்டிகள் போகும் காலம் அது. கல்வராயன் மலைமேலே மரவள்ளிக் கிழங்கு பிடுங்கவும் புளி உலுக்கவும் ஆள் தேடும் காலமும் அதுவே. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வுகள் நடப்பதும் அதே காலந்தான். வீட்டுக்கு நாலு காசு வரும் நாளும், பிள்ளைக்கு வாழ்வு முடிவாகும் நாளும் ஒரே நாளாக அமைந்துவிட்ட ஊரிலே, "பிள்ளைக்கு மனஅழுத்தம்" என்று அதை மட்டும் தனியே பிரித்து வைத்துப் பேசுகிறார்களே, அது எப்படி என்று நாம் கேட்கிறோம்.

மனநல மருத்துவர்கள் கூறுவதை நாம் மறுக்கவில்லை. நன்றாகத் தூங்கவேண்டும், வேளைக்கு உண்ணவேண்டும், சிறிது நேரம் ஓடியாட வேண்டும், மனத்தில் உள்ளதை யாரிடமாவது சொல்லவேண்டும் என்கிறார்கள். நல்ல சொற்கள்தாம். ஆனால் ஒற்றை அறை வீட்டில், ஒற்றை விளக்கின் கீழ், தம்பி தங்கை அழுகைக்கும் தொலைக்காட்சியின் கூச்சலுக்கும் நடுவே உட்கார்ந்து கணக்குப் போடுகிற பிள்ளையிடம் "அமைதியாக இரு" என்று சொன்னால் ஆயிற்றா? அமைதி என்பது அந்த வீட்டில் யார் கையில் இருக்கிறது? பிள்ளையின் கையிலா? எனவேதான் இந்தப் பேச்சைப் பிள்ளையிடமிருந்து தொடங்காமல், பிள்ளையைச் சுற்றி நிற்கும் பெரியவர்களாகிய நம்மிடமிருந்து தொடங்குகிறோம்.

பள்ளிப் பருவத்தில் நெருக்கடியான காலம் மாசி, பங்குனி மட்டுமன்று. வைகாசி கடைசியிலே பள்ளிக்கூடம் திறக்கும்போதே அது தொடங்கிவிடுகிறது. சீருடை, செருப்பு, நோட்டுப் புத்தகம், தனியார் பள்ளியானால் தவணைக் கட்டணம், வேன் கட்டணம் என்று வரிசையாக வந்து நிற்கும். அரசுப் பள்ளியில் பாடநூலும் சீருடையும் இலவசமாகக் கிடைக்கின்றன. காலையில் உணவு, நண்பகலில் சத்துணவு. இவை எளிய காரியங்கள் அல்ல. 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தை, 2023 ஆகஸ்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் விரித்தார்கள். விடியலில் வயலுக்கு ஓடும் தாய்க்கு அடுப்பு மூட்டும் வேலையில் ஒன்றாவது குறைந்தது. மனச்சுமையைக் குறைக்கும் மருந்து என்று யாரும் அதற்குப் பெயர் வைக்கவில்லை. நாம் கேட்டால் அதுதான் மருந்து என்போம். ஆனாலும் சாதிச் சான்று, வருமானச் சான்று, வங்கிக் கணக்கு, ஆதார் திருத்தம் என்று தாசில்தார் கச்சேரிக்கும் கணினி மையத்துக்கும் நடப்பதிலேயே ஆனி மாதம் கழிந்துவிடுகிறது. ஒரு நாள் கூலியை விட்டுத்தான் ஒவ்வொரு தாளும் கைக்கு வருகிறது. அந்தக் கூலிக்காகக் குழுக் கடன் வாங்கினால், அடுத்த வாரமே தவணைக்காரர் வாசலில் நிற்பார். அப்பனும் ஆத்தாளும் இரவில் போட்டுக்கொள்ளும் கணக்குச் சண்டையைப் பாயில் படுத்தபடி கேட்டுக்கொண்டிருப்பது யார்? மறுநாள் வகுப்பில் தூங்கி வழிந்து வாத்தியாரிடம் திட்டு வாங்கப் போகும் அதே பிள்ளைதான்.

கருணாபுரத்தை இந்த நாடு மறந்திருக்காது. 2024 ஜூன் 10இல் பள்ளிக்கூடங்கள் திறந்தன. ஒன்பது நாள்கூடச் சரியாக ஆகவில்லை. கள்ளச் சாராயம் அறுபதுக்கு மேற்பட்ட உயிர்களைக் குடித்துவிட்டது. புதுப் புத்தகத்துக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்த பிள்ளைகள் அப்பனுக்குக் கொள்ளி வைத்தார்கள். தாயையும் சேர்த்து இழந்த பிள்ளைகளும் உண்டு. பெற்றோரை இழந்த பிள்ளைகளின் படிப்புச் செலவையும் விடுதிச் செலவையும் பட்டப்படிப்பு வரை அரசே ஏற்கும் என்று சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. அது வேண்டியதே. ஆனால் செத்தபின் வந்த இரக்கம், சாகுமுன் வந்திருக்க வேண்டாமா? கள்ளச் சாராயமானாலும் சரி, கடைச் சாராயமானாலும் சரி, இரவு பத்து மணிக்குத் தள்ளாடி வரும் தகப்பன் கதவைத் தட்டுவானா, தாயைத் தட்டுவானா என்று காது கொடுத்துக்கொண்டே படிக்கும் பிள்ளைக்கு எந்தப் பாடம் மனத்தில் நிற்கும்? இந்த மாவட்டத்தில் பிள்ளைகளின் மனநலம் பற்றிக் கூட்டம் போடுகிறவர்கள், முதல் தீர்மானத்தைக் குடியைப் பற்றிப் போடட்டும். மூச்சுப் பயிற்சியைப் பற்றிய தீர்மானம் ஏழாவதாக வரட்டும், கெடுதல் இல்லை.

இன்னொரு ஊர்ப் பெயரையும் சொல்லத்தான் வேண்டும். கனியாமூர். 2022 ஜூலை 13இல் அங்கே தனியார் பள்ளி விடுதியில் தங்கிப் படித்த பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருவர் இறந்தார். 17ஆம் நாள் பெருங்கலவரம் மூண்டது. பேருந்துகள் எரிந்தன; பள்ளிக்கூடம் சூறையாடப்பட்டது; பிள்ளைகளின் சான்றிதழ்கள் சாம்பலாயின. சாவின் காரணம் பற்றிய வாதங்களுக்குள் நாம் புகவில்லை; அது நீதிமன்றத்தின் வேலை. நாம் கவலைப்படுவது வேறொன்று. அந்த ஒரு வாரத்தில் இந்தச் சீமையின் பெற்றோர் ஒவ்வொருவரும் தம் பிள்ளையின் முகத்தை உற்றுப் பார்த்தார்கள். விடுதியில் விட்ட பிள்ளைக்கு உடனே போன் போட்டார்கள். "என்னம்மா, ஏதாவது கஷ்டமா?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியை அதற்கு முன்பும் கேட்டிருக்கலாம். அதற்குப் பின்பும் கேட்டுக்கொண்டே இருந்திருக்கலாம். மறு ஆண்டு மார்ச்சு வந்ததும் பழையபடி "எத்தனை மார்க்கு?" என்ற கேள்விக்கே திரும்பிவிட்டார்கள். இந்தியா முழுவதிலும் 2022ஆம் ஓராண்டில் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்ட மாணவர் 13,000க்கு மேல் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கு சொல்லுகிறது. ஒவ்வொரு சாவுக்கும் காரணம் ஒன்றே என்று சொல்லிவிட முடியாது. பல சுமைகள் சேர்ந்துதான் ஒரு பிள்ளையை அந்த விளிம்புக்குத் தள்ளுகின்றன. சுமைகளில் ஒன்றையேனும் நாம் இறக்கி வைக்கக் கூடாதா?

மார்க்கு வியாபாரத்தின் கதை இங்கே கொஞ்சம் விரிவாகவே சொல்லத்தக்கது. மாநிலத்தில் முதலிடம், மாவட்டத்தில் முதலிடம் என்று அறிவிப்பதும், அந்தப் பிள்ளையின் படத்தை வைத்து அடுத்த ஆண்டு சேர்க்கைக்குக் கடை விரிப்பதும் நம் நாட்டில் நெடுநாள் வழக்கம். 2017 மே மாதத் தேர்வு முடிவுகளோடு அந்த அறிவிப்பை அரசு நிறுத்தியது. நல்ல காரியம். ஆனால் அறிவிப்பு நின்றதே தவிர, தட்டி நின்றதா? ரிசல்ட் வந்த மறுநாள் சின்னசேலம் சாலையிலும் திருக்கோவலூர் சாலையிலும் போய்ப் பாருங்கள். பிளக்ஸ் தட்டிகளில் பிள்ளைகளின் முகங்கள் வரிசையாகத் தொங்கும். 500க்கு 490 வாங்கியவன் தட்டியில். 310 வாங்கியவன் அந்தத் தட்டியின் கீழே பஸ்ஸுக்கு நிற்கிறான். அவனும் அதே பள்ளிக்கூடத்துக்குக் கட்டணம் கட்டியவன்தானே?

அடுத்தது பதினோராம் வகுப்பு. பல தனியார் பள்ளிகள் பதினோராம் வகுப்புப் பாடத்தைத் தொட்டுவிட்டுத் தூரப் போட்டு, பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே ஈராண்டும் உருப்போட வைத்தன. இதைத் தடுக்க 2017-18இல் பதினோராம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வந்தது. நோக்கம் சரியே. விளைவு என்ன? பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று மூன்று ஆண்டும் தொடர்ந்து பொதுத்தேர்வு. வீட்டில் மூன்று ஆண்டும் ஊரடங்கு. 2025-26 முதல் அந்தத் தேர்வை நீக்கிவிட்டார்கள். வரவேற்கிறோம். ஆனால் எச்சரிக்கையும் செய்கிறோம்: காவல் எடுத்த இடத்தில் பழைய திருட்டு திரும்ப வரும். பதினோராம் வகுப்பின் அரையாண்டுக்கு முன்பே பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தைத் திறக்கும் பள்ளிகளைக் கல்வித் துறை கண்டுபிடித்துக் கேள்வி கேட்காவிட்டால், பொதுத்தேர்வு நீங்கியதால் பிள்ளைக்குக் கிடைத்த ஓய்வு அப்படியே பள்ளிக்கூட முதலாளியின் பைக்குள் போய்விடும். இவ்வளவுக்கும் மேலாக ஐந்தாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு என்று 2019இல் ஒரு யோசனை வந்ததே, நினைவிருக்கிறதா? பத்து வயதுக் குழந்தைக்குப் பொதுத்தேர்வாம்! நாடு எதிர்த்தது, 2020 பிப்ரவரியில் திரும்பப் பெற்றார்கள். பன்னிரண்டைத் தாண்டியும் மருத்துவம் விரும்பும் பிள்ளைக்கு மே மாதத்தில் நீட் என்ற இன்னொரு வாசல் இருக்கிறது. அதற்கென்று ஓராண்டு, ஈராண்டு பயிற்சி நிலையத்துக்குப் பணம் கட்ட முடிந்த வீடு எது, முடியாத வீடு எது என்பதைக் கள்ளக்குறிச்சிக்காரருக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

இனி மலைக்கு வருவோம். கீழ்நாட்டுப் பிள்ளையின் துயரம், எல்லோரும் அவனிடமே எதிர்பார்ப்பது. மலைப் பிள்ளையின் துயரமோ, யாரும் அவனிடம் எதையும் எதிர்பாராதது. இரண்டும் சுமைதான், ஆனால் இரண்டுக்கும் ஒரே பச்சிலை உதவாது. கல்வராயன் மலையில் 1976 வரை ஜாகிர்தார் ஆட்சி நடந்தது. இன்று பத்தாம் வகுப்பு எழுதும் மலையாளிப் பழங்குடிப் பிள்ளையின் பாட்டன், ஜாகிர்தார் நிலத்தில் வெட்டி வேலை செய்தவனாக இருப்பான். வீட்டில் முதன்முதலாகத் தேர்வு மண்டபத்துக்குள் காலடி வைப்பது இந்தப் பிள்ளைதான். "வினாத்தாளைப் படிக்கப் பத்து நிமிஷம் தருவார்களாமே, அதில் என்ன செய்யவேண்டும்?" என்று கேட்க அவனுக்கு அண்ணன் இல்லை, மாமன் இல்லை. தாய் தகப்பன் இருவரும் கேரளத்துத் தோட்டங்களிலோ திருப்பூரிலோ கூலிக்குப் போயிருப்பார்கள். பிள்ளை உண்டு உறைவிடப் பள்ளியில் இருக்கும். அல்லது பாட்டியிடம் இருக்கும். பொங்கலுக்கு வந்த பெற்றோர் திரும்பிப் போகும்போது, பிள்ளையின் மனமும் பாதி அந்த பஸ்ஸிலேயே போய்விடுகிறது. பொங்கல் கழிந்து பத்து நாள் பிந்தி விடுதிக்கு வரும் பிள்ளையை "ஊர்சுற்றி" என்று ஏசும் வாத்தியார், அந்தப் பத்து நாளில் அவன் மரமேறிப் புளி உலுக்கினானா, தங்கைக்குச் சோறு பொங்கினானா என்று ஒரு வார்த்தை கேட்டால் குறைந்துவிடுவாரா?

பெண் பிள்ளைகளின் நிலை இன்னும் மோசம். பத்தாம் வகுப்பில் ஒரு பாடம் போய்விட்டால் ஆண் பிள்ளை கூலிக்குப் போகிறான். பெண் பிள்ளைக்கு மாப்பிள்ளை வருகிறான். அந்தப் பெண் தேர்வு அறையில் எழுதுவது வெறும் கணக்குத் தாள் அன்று. தன் கழுத்தில் தாலி எப்போது ஏறும் என்பதற்கான விடைத்தாள். 2006ஆம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் பதினெட்டு வயது என்கிறது. சட்டம் சேலத்திலும் சென்னையிலும் மட்டும் செல்லுபடியாகும் சரக்கா? மலைமேல் ஏறும்போது அதற்கு மூச்சு வாங்குகிறதா? கருணாபுரத்துச் சாவுகளுக்குப் பின், 2024 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் தானாகவே முன்வந்து கல்வராயன் மலை மக்களின் வாழ்க்கை நிலை பற்றி வழக்கு எடுத்துக்கொண்டது. கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகி 2024இல் ஐந்தாவது ஆண்டு. தலைநகரைக் கிட்டத்தில் கொண்டுவந்து வைத்தோம்; நல்ல சாலையும் பஸ்ஸும் கேட்க நீதிமன்றம் பேசவேண்டி வந்தது.

உதவி எண்கள் பல இருக்கின்றன. மனவேதனையில் இருப்பவர் பேச 14416. பள்ளிக் கல்வித் துறையின் வழிகாட்டிக்கு 14417. மருத்துவ ஆலோசனைக்கு 104. பிள்ளைகளுக்கு ஆபத்து என்றால் 1098. கூப்பிடுவதற்குக் காசில்லை. இந்த எண்களை ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் கரியால் எழுதி வைத்தாலும் தகும். பிள்ளை வாய்விட்டு "எனக்கு வாழப் பிடிக்கவில்லை" என்று சொன்னாலோ, உண்ணாமல் உறங்காமல் யாரோடும் பேசாமல் ஒதுங்கினாலோ, அது நடிப்பு என்று அலட்சியம் செய்யாமல் அன்றே பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள், அன்றே அழையுங்கள், மாவட்ட மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். இதில் வெட்கம் என்ன இருக்கிறது? காய்ச்சலுக்குப் போகிறோமே! ஆனால் மலையில் தொலைபேசிக் கோபுரம் எட்டாத ஊர்கள் பல. அங்கே எண் மட்டும் போதாது, ஆள் வேண்டும். உச்ச நீதிமன்றம் 2025 ஜூலை 25இல் கூறிய தீர்ப்பில், நூறோ அதற்கு மேலோ மாணவர் படிக்கும் நிறுவனத்தில் பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவரேனும் இருக்கவேண்டும் என்றது. மார்க்கை வைத்துப் பிள்ளைகளைத் தனித்தனிக் கூட்டமாகப் பிரிப்பதையும், பலர் முன்னிலையில் அவமானப்படுத்துவதையும் கூடியவரை தவிர்க்கவேண்டும் என்றும் சொன்னது. அந்த ஆலோசகர் முதலில் எங்கே வரவேண்டும்? மலையிலுள்ள உண்டு உறைவிடப் பள்ளிகளுக்குத்தான் என்பது நம் கருத்து. பெற்றோர் பக்கத்தில் இல்லாத பிள்ளைக்கு முன்னுரிமை கொடுப்பதைவிட நியாயம் வேறு என்ன?

ஆசிரியர்களைக் குறை சொல்லி முடித்துக்கொள்வது எளிது. அதை நாம் செய்யப் போவதில்லை. தேர்ச்சி விகிதம் குறைந்தால் தலைமை ஆசிரியரை மேலிடத்தில் நிற்கவைத்துக் கேட்கிறார்கள். அவர் ஆசிரியரைக் கேட்கிறார். ஆசிரியர் பிள்ளையைக் கேட்கிறார். பிள்ளை கேட்க யாருமில்லை. காலையில் சிறப்பு வகுப்பு, மாலையில் சிறப்பு வகுப்பு. மலையில் கடைசி பஸ் போனபின் வகுப்பு முடிந்தால் அந்தப் பிள்ளை எப்படி வீடு போகும்? சிறப்பு வகுப்பு வைக்கட்டும். பஸ் நேரத்தைப் பார்த்து வைக்கட்டும், ஒரு சுண்டலாவது கொடுத்து வைக்கட்டும். அடிப்பதும், மனம் நோகப் பேசுவதும் 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவிலேயே தடுக்கப்பட்டவை என்பதையும் நினைவூட்டி வைக்கிறோம்.

பெற்றோருக்கு ஒரு சொல். தேர்வுக் காலத்தில் விடியவிடியப் படிக்கும் பிள்ளையைப் பார்த்துப் பெருமைப்படாதீர்கள். தூங்காத மூளை படித்ததைத் தக்கவைத்துக்கொள்ளாது. பத்து மணிக்கு விளக்கை அணையுங்கள். அத்தை மகன், பக்கத்து வீட்டுப் பெண் என்று ஒப்பிடுவதை நிறுத்துங்கள். தேர்வு எழுதிவிட்டு வந்த பிள்ளையிடம் வினாத்தாளைப் பிடுங்கிக் கூட்டிக் கழிக்காமல், முதலில் சோறு போடுங்கள். தவறிப் போனால் வானம் இடிந்து விழாது; ஜூன், ஜூலையிலேயே துணைத் தேர்வு நடக்கிறது, அதில் தேறியவன் அதே ஆண்டில் மேலே சேர்ந்து படிக்கிறான். இந்தச் செய்தியை ரிசல்ட் வந்த பிறகு சொல்லாதீர்கள். பிள்ளை தேர்வுக்குப் போகுமுன்பே சொல்லுங்கள். விழுந்தால் பிடிக்கக் கை உண்டு என்று தெரிந்தவன்தான் பயமின்றி மரமேறுவான். மலையில் இது யாருக்கும் விளக்க வேண்டாத உண்மை.

ஊருக்கும் ஒரு சொல். மாசியில் மயானக் கொள்ளை, பங்குனியில் திரௌபதியம்மன் கூத்து என்று நம் பக்கத்தில் திருவிழாக்கள் வரிசையாக வருகின்றன. கூத்து நம் மக்கள் கலை. அதை நிறுத்தச் சொல்ல நாம் யார்? ஆனால் குழாய் ஒலிபெருக்கி கூத்தன்று. இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது என்பது 2000ஆம் ஆண்டு விதி. தலைவர்கள் வருகைக்காகக் கட்டும் ஒலிபெருக்கிக்கும் அந்த விதி பொருந்தும். நம் கட்சிக் கூட்டமும் அதற்கு விலக்கு அன்று.

தோழர்களே! ஒரு காலத்தில் ஊருக்கு ஊர் நாம் படிப்பகம் வைத்தோம். பத்திரிகை படிக்கத் தெரியாதவனுக்கும் ஒருவன் உரக்கப் படித்துக் காட்டினான். அவற்றில் பல இன்று கொடிக்கம்பத்தோடு மட்டும் நிற்கின்றன. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை அந்தப் படிப்பகங்களைத் திறந்து, நல்ல விளக்குப் போட்டு, மாலை ஆறு முதல் ஒன்பது வரை தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கு விடுங்கள். கல்லூரிக்குப் போன நம் ஊர்ப் பிள்ளைகளில் ஒருவனோ ஒருத்தியோ உடன் இருக்கட்டும். பெண் பிள்ளைகளை வீட்டுக்குக் கொண்டுபோய் விடும் பொறுப்பைக் கிளைச் செயலாளர் ஏற்கட்டும். மலைக் கிளைத் தோழர்கள், தேர்வு மையம் வேறு ஊரில் இருக்கும் பிள்ளைகளின் பட்டியலை ஊர்வாரியாக எடுத்து, தேர்வு நாட்களில் காலை எட்டு மணிக்குள் கிளம்பும் பஸ் வேண்டும் என்று மாவட்ட ஆட்சியருக்கும் போக்குவரத்துக் கழகத்துக்கும் பிப்ரவரியிலேயே மனுக் கொடுக்கவேண்டும். மனுவின் நகலை நமக்கும் அனுப்பி வையுங்கள். எந்த ஊருக்கு பஸ் வந்தது, எந்த ஊர்ப் பிள்ளை நடந்து போனது என்பதை இதே பகுதியில் ஊர்ப் பெயரோடு வெளியிடுவோம்.